இருபத்தோராயிரத்து அறுநூறு

திருச்சிற்றம்பலம்



கச்சி ஏகம்பப் பெருமானுக்குப் பங்குனி உத்திரத் திருக்கல்யாணப் பெருவிழா நிகழும் இந்நாட்களில், நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். 21,600 என்பதே அவ்வெண். புராணம் கேட்க வந்தோமே, இவர் கணக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாரே என்று எவரும் அஞ்ச வேண்டா. இவ்வூரில் எண்ணை வெறுப்பவர் எவர் உளர்? பாவில் ஓர் இழை குறைந்தால் புடைவை முழுவதும் அதைச் சொல்லிவிடும். பாலும் பழமும் கட்டம் போடுகின்ற நெசவாளர், இழைத் தொகை கட்டங்களுக்குச் சரியாகப் பங்கிடப்படுகிறதா என்று பார்த்த பின்னரே பாவு கட்டுகின்றார். எண்ணித் துணிவதே தொழிலாக உடைய ஊரில், எண்ணைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

முதலில் இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று காண்போம். ஒரு நாளுக்கு நாழிகை 60. ஒரு நாழிகைக்கு விநாழிகை 60. ஒரு விநாழிகைக்கு உயிர்ப்பு 6. அறுபதை அறுபதால் பெருக்க 3,600. அதனை ஆறால் பெருக்க 21,600. ஆகவே மனிதன் ஒரு பகலும் ஓர் இரவும் கூடிய நாளில் விடும் மூச்சு 21,600 என்று நம் முன்னோர் வகுத்தனர். உள்ளே செல்லும் மூச்சிலும் வெளியே வரும் மூச்சிலும் நாம் செபியாமலே நிகழும் செபத்தை அசபை என்றனர். திருவாரூரில் தியாகேசப் பெருமான் ஆடும் ஆடல் அசபா நடனம் எனப்படுவதும் இதனாலேயே. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணித்த ஆணிகள் நாடிகளின் தொகையாகிய 72,000 என்றும் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

இனி இவ்வெண்ணின் உடலைப் பிரித்துப் பார்ப்போம். எந்த எண்ணையும் பகாஎண்களாகப் பிரிக்கலாம். பொற்கொல்லர் நகையை உருக்கிப் பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காண்பது போன்றது அது. 21,600-ஐ அவ்வாறு உருக்கினால், 2 ஐந்து முறையும், 3 மூன்று முறையும், 5 இரண்டு முறையும் கிடைக்கும். ஐந்து இரண்டுகளின் பெருக்கம் 32. மூன்று மூன்றுகளின் பெருக்கம் 27. இரண்டு ஐந்துகளின் பெருக்கம் 25. முப்பத்திரண்டை இருபத்தேழால் பெருக்க 864. அதனை இருபத்தைந்தால் பெருக்க 21,600. இம்மூன்று பகாஎண்களையன்றி வேறு எதுவும் இதனுள் இல்லை.

இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. வகுக்கும் எண்ணில் 2 என்பது ஒரு முறையும் வாராதது முதல் ஐந்து முறை வருவது வரை ஆறு வகையாக நிற்கலாம். 3 நான்கு வகையாக நிற்கலாம். 5 மூன்று வகையாக நிற்கலாம். ஆறு, நான்கு, மூன்று ஆகியவற்றைப் பெருக்க 72. ஒன்று முதல் 21,600 முடிய 72 எண்கள் இதனைப் பிசிறின்றிப் பங்கிடுகின்றன.

இதன் அருமை ஓர் ஒப்புமையால் விளங்கும். இந்நகரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் செய்யுள் தொகை 10,345 என்பர். அவ்வெண்ணைப் பிரித்தால் 5-உம் 2,069-உம் ஆகும். 2,069 பகாஎண். எனவே 10,345-ஐ வகுக்கும் எண்கள் 1, 5, 2,069, 10,345 என்னும் நான்கே. அடியார் கூட்டம் ஒன்று கந்தபுராணத்தைச் சம பங்காகப் பிரித்து ஓத விரும்பினால், ஐவராக அமரலாம். அறுவராகவோ பதின்மராகவோ அமர்ந்தால் பாடல்கள் மிஞ்சும். 21,600-ஐயோ இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எண்மர், ஒன்பதின்மர், பதின்மர், பன்னிருவர் என எவ்வகையிலும் பகிரலாம். எனினும் கந்தபுராணத்திற்குப் பெருமை குறைவென்று எவரேனும் சொல்வரோ? ஆதலின் ஒன்றை நினைவிற் கொள்க. எண்ணின் வகுபடுந்தன்மை வேறு. பொருளின் புனிதம் வேறு. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இவ்வாறு பலவாறு வகுபடும் எண்ணை நம் முன்னோர் விரும்பியதன் காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வான்வட்டம் 360 பாகை. ஒரு பாகைக்குக் கலை 60. ஆகவே முழு வட்டம் 21,600 கலை. நாளின் மூச்சும் வட்டத்தின் கலையும் ஒரே எண்ணாக நிற்கின்றன. வட்டத்தைப் பன்னிரண்டு இராசிகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 1,800 கலை. இருபத்தேழு நட்சத்திரங்களாகப் பிரித்தால் ஒன்றுக்கு 800 கலை. நட்சத்திரம் ஒன்றுக்கு நான்கு பாதமாக 108 பாதங்களாக்கினால் ஒன்றுக்கு 200 கலை. முப்பது திதிகளாக்கினால் ஒன்றுக்கு 720 கலை. எங்கும் மீதி இல்லை. இருபத்தேழு என்பது மூன்று மூன்றுகளின் பெருக்கம். ஓர் எண்ணுள் அம்மூன்றும் இல்லாவிடில் அதனை நட்சத்திரங்களுக்குச் சமமாகப் பங்கிட இயலாது.

இவ்விழா நாளையே இக்கணக்கால் கண்டுகொள்ளலாம். பங்குனி மாதத்தில் ஞாயிறு மீன இராசியில் நிற்கும். அஃது 19,800 கலை முதல் 21,600 கலை வரை உள்ள இடம். பங்குனி 4ஆம் நாளளவில் ஞாயிறு 20,000 கலையில் இருக்கிறது என்று கொள்வோம். பௌர்ணமியாவது திங்கள் ஞாயிற்றுக்கு நேர் எதிரே, அரை வட்டமாகிய 10,800 கலை தள்ளி நிற்பது. 20,000-உடன் 10,800-ஐக் கூட்ட 30,800. ஒரு முழு வட்டமாகிய 21,600-ஐக் கழிக்க 9,200. உத்திரம் பன்னிரண்டாவது நட்சத்திரம்; அதற்கு முன் பதினொரு நட்சத்திரங்கள் 8,800 கலையைக் கொண்டன; ஆகவே உத்திரம் 8,800 முதல் 9,600 வரை. நமக்குக் கிடைத்த 9,200 உத்திரத்தின் நட்ட நடுவாகும். பங்குனி மாதத்துப் பௌர்ணமியும் உத்திரமும் கூடும் மங்கல நாள் இவ்வாறு அமைகிறது.

பௌர்ணமி மாதத்தின் முதற் பத்து நாட்களுக்குப் பின்னர் வருமானால், அப்பொழுது திங்கள் உத்திரத்தைக் கடந்து அத்தத்திலோ சித்திரையிலோ நிற்கும். திங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 790 கலை, அஃதாவது ஏறக்குறைய ஒரு நட்சத்திரம் நடக்கிறது. ஆதலின் அத்தகைய ஆண்டுகளில் உத்திரம் பௌர்ணமிக்கு ஒரு நாளோ இரு நாளோ முன்னதாக வரும். பௌர்ணமி ஒரு நாளும் உத்திரம் ஒரு நாளுமாக நாட்காட்டியில் நிற்பது ஏன் என்று மயங்குவோருக்கு விடை இதுவே.

இனி மண்ணுக்கு வருவோம். ஐம்பூதத் தலங்களுள் காஞ்சி பிருதிவித் தலம். அம்பிகை மாவடியில் மணலால் இலிங்கம் அமைத்துப் பூசித்த இடம். கம்பை வெள்ளம் பெருகியபொழுது இறைவனைத் தழுவிக் காத்த இடம். மண்ணின் தலத்தில் நின்று மண்ணுலகின் கணக்கைக் கேட்பது முறையே. கலியில் 3,600 ஆண்டுகள் சென்ற காலம், அதாவது கி.பி. 499, ஆரியபட்டர் தம் நூலுக்கு எல்லையாகக் குறித்த ஆண்டு. நாள்தோறும் சுழல்வது வான்மீன் கூட்டமன்று, நாம் நிற்கும் பூமியே என்றார் அவர். எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது? ஓர் உயிர்ப்புக்கு ஒரு கலை. ஒரு நாளில் 21,600 உயிர்ப்பு. ஒரு சுற்றில் 21,600 கலை. நாம் ஒரு மூச்சு விடும் அளவில் நம்மைத் தாங்கிய நிலம் ஒரு கலை திரும்பிவிடுகிறது. காலத்தின் அளவும் இடத்தின் அளவும் இவ்வாறு கைகோத்து நிற்கும்படி அவர் அமைத்தார்.

இங்கு நுட்பம் ஒன்று உண்டு. ஆரியபட்டர் சொன்ன நாள் விண்மீனைக் கொண்டு அளக்கும் நாள். அது 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. ஞாயிற்றைக் கொண்டு அளக்கும் நாள் 24 மணி. இடையே உள்ள வேறுபாடு 236 விநாடி. ஓர் உயிர்ப்புக்கு 4 விநாடியாக இது 59 உயிர்ப்பு. ஞாயிறு வான்வட்டத்தில் நாளொன்றுக்கு நடப்பதாகப் பஞ்சாங்கம் கூறும் அளவும் ஏறத்தாழ 59 கலையே. ஞாயிறு 59 கலை நகர்ந்துவிட்டபடியால், அதனை மீண்டும் எதிர்ப்படப் பூமி 59 உயிர்ப்பு அதிகம் சுழல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒத்து நிற்பது தற்செயல் அன்று. ஒரே நிகழ்ச்சியின் இரு முகம்.

இவ்வட்டத்திலிருந்தே இன்னொரு புகழ்பெற்ற எண் பிறந்தது. சுற்றளவு 21,600 ஆனால் ஆரம் எவ்வளவு? விட்டம் 20,000 ஆயின் சுற்றளவு 62,832 என்பது ஆரியபட்டர் தந்த விகிதம். அதன்படி வகுத்தால் ஆரம் 3,437-உம் ஏறத்தாழ முக்காலும் ஆகும். முழு எண்ணாகக் கொண்டால் 3,438. நம் நாட்டு வானநூலார் கிரகங்களின் நிலையைக் கணிக்கப் பயன்படுத்திய சைன் அட்டவணைக்கு இந்த 3,438 அடிப்படையாயிற்று. மேல்நாட்டு மாலுமிகளும் இதே வட்டத்தையே பற்றினர். பூமியின் சுற்றளவில் ஒரு கலையே ஒரு கடல் மைல். 1929-இல் அதனை 1,852 மீட்டர் என்று உலக மாநாடு வரையறுத்தது. 1,852-ஐ 21,600-ஆல் பெருக்கினால் 40,003 கிலோமீட்டர். பூமியைத் துருவத்தின் வழியாகச் சுற்றும் அளவும் 40,000 கிலோமீட்டரை ஒட்டியதே. கப்பலோட்டி அறிந்தோ அறியாமலோ அசபையின் எண்ணைக் கொண்டே கடலை அளக்கின்றான்.

அன்பர்களே, இதுவரை எண்ணின் பெருமை கூறினோம். இனி அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். தனக்குக் கீழுள்ள எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றி ஒரு பேராராய்ச்சி 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதனை எழுதியவர் சீனிவாச இராமாநுசன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், பாட்டனார் நீதிமன்ற அலுவலில் இருந்த காரணத்தால் சிறு பிள்ளையாகச் சில காலம் இக்காஞ்சியிலும் இருந்தார். அவர் ஆராய்ந்த அவ்வரிசையில் 60 உண்டு, 360 உண்டு, 21,600 இல்லை. ஏன்? அதனுள் 7 இல்லை. 21,600-ஐ ஏழால் வகுத்தால் 5 மிஞ்சும். அதனினும் சிறிய 20,160-க்குள் 7 இருப்பதால் அதற்கு வகுஎண்கள் 84. வாரமொன்றின் நிமிடத் தொகை 10,080. 21,600-இல் பாதிக்கும் குறைவான அவ்வெண்ணுக்கும் வகுஎண்கள் 72.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 21,600-க்கு வகுஎண் 72 என்றவுடன், தில்லைக் கூரையின் 72,000 ஆணி உங்களுள் பலர்க்கு நினைவு வந்திருக்கும். கண்டீர்களா அதிசயத்தை என்று நாம் ஒரு சொல் சொன்னால் கரவொலி எழும். நாம் அதனைச் சொல்ல மாட்டோம். வாரத்தின் நிமிடக் கணக்குக்கும் அதே 72 வருகின்றதே, அதற்கு எந்தக் கூரையைக் காட்டுவது? எண்களுள் தற்செயலாக ஒத்து நிற்பன ஆயிரம் உண்டு. ஞாயிற்றின் 59-ஐப் போல் காரணம் காட்ட வல்லவற்றைக் கொள்க. காரணம் இல்லாதவற்றை அருளின் சான்றாக மேடையில் நிறுத்தற்க.

இதே காரணத்தால் மற்றொன்றையும் தெளிவாகக் கூறுகின்றோம். மனிதன் நாளொன்றுக்குத் துல்லியமாக 21,600 மூச்சு விடுகிறான் என்று விஞ்ஞானம் கண்டுவிட்டதாகச் சிலர் பேசுகின்றனர். அவ்வாறு அன்று. 21,600 என்பது நிமிடத்திற்கு 15. வளர்ந்த மனிதர் ஓய்வாக இருக்கும்பொழுது நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவது இயல்பு என்பர் மருத்துவர். பன்னிரண்டு ஆனால் நாளுக்கு 17,280. இருபது ஆனால் 28,800. பிறந்த குழந்தைக்கு மூச்சு இன்னும் விரைவு. ஓடுபவர்க்கு ஓர் அளவு. உறங்குபவர்க்கு ஓர் அளவு.

அப்படியானால் முன்னோர் சொன்னது பொய்யோ? அன்று. தறிக்காரர்களைக் கேட்கின்றோம்: முழம் என்பது எவருடைய கை முழம்? நெட்டையானவர் கையும் குட்டையானவர் கையும் ஒன்றல்ல. ஆயினும் துணி அளக்கும் கோல் ஒன்றே. கோலுக்கு முழம் என்ற பெயர் கையிலிருந்து வந்தது. அளவோ எல்லார்க்கும் பொதுவாக நிலைபெற்றது. அவ்வாறே உயிர்ப்பு என்பது ஒரு கால அளவை. நெட்டெழுத்துப் பத்தினை உச்சரிக்கும் நேரம் என்றே அதனை வானநூலார் வரையறுத்தனர். நம் மூச்சின் இயல்பான நடையை ஒட்டி அவ்வளவைக்கு உயிர்ப்பு எனப் பெயரிட்டனர். மருத்துவர் சொல்லும் 12-க்கும் 20-க்கும் நடுவே 15 பொருந்தி நிற்பதே அவர்தம் நோக்கின் நேர்மைக்குப் போதிய சான்று.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கருதலாகாது. கல்லூரியிற் பயிலும் பிள்ளையொருவன் இச்சொற்பொழிவைக் கேட்டு வீடு சென்று கடிகாரத்தை வைத்துத் தன் மூச்சை எண்ணுகின்றான் என்று கொள்வோம். பதினெட்டு வருகிறது. பெருக்கிப் பார்க்கிறான், 25,920. இவர்கள் சொன்னது தவறு என்று முடிவு கட்டுகிறான். அவன் அவ்வெண்ணை மட்டும் கைவிட்டால் கவலையில்லை. அதனோடு அசபையையும், அதனைக் கூறிய நூல்களையும், ஈற்றில் இத்திருவாயிலையும் கைவிட்டுப் போகின்றான். அவனைத் துரத்தியவர் யார்? மெய்யோடு ஒரு துளி மிகையைக் கலந்து கொடுத்தவர். பூமி சுழல்கிறது என்று கூறிய ஆரியபட்டரைப் பிரமகுப்தர் 628-இல் மறுத்து எழுதினார். மறுப்பு எழுந்ததனால் பூமி நின்றுவிடவில்லை. மெய் எவ்வளவு மறுப்பையும் தாங்கும். மிகையோ ஒரு கடிகாரத்துக்கு முன்னும் நில்லாது.

இனி இவ்வெண்ணை நம் வாழ்நாளின் மேல் வைத்துப் பார்ப்போம். நூறு ஆண்டு வாழ்பவர்க்கு உயிர்ப்பு எத்தனை? நாள் 36,525, அதனை 21,600-ஆல் பெருக்க 78 கோடியே 89 லட்சத்து 40 ஆயிரம். எண்பது கோடி கூட இல்லை. ஒரு கோடி உயிர்ப்பு 463 நாளில் கழிந்துவிடும். ஓராண்டும் மூன்று திங்களும் சில நாட்களுமே ஒரு கோடியின் ஆயுள். பணத்தில் ஒரு கோடி செலவானால் இரவெல்லாம் உறக்கம் வாராது. உயிர்ப்பில் ஒரு கோடி செலவானதை எவர் குறித்து வைக்கின்றார்?

இன்னொன்று கேண்மின். 360 நாள் கொண்டது ஓர் ஆண்டு என்பது பழைய வழக்குகளுள் ஒன்று. அவ்வாறான ஆண்டுகள் 60 சென்றால் நாட்கள் எத்தனை? மீண்டும் 21,600. இன்றைய ஆண்டுக் கணக்கில் அஃது 59 வயதும் 50 நாளும் ஆகும். ஒரு நாளில் எத்தனை உயிர்ப்போ, அத்தனை நாட்கள் அன்றோடு நிரம்புகின்றன. இதனை அருளின் சான்று என்று நாம் கூறவில்லை. 60-உம் 360-உம் பெருகுவதால் வந்த கணக்கே இது. ஆயினும் கணக்கு நம்மைக் கேள்வி கேட்கின்றது. அறுபதாம் ஆண்டு நிறைவைத் திருக்கடவூரில் கொண்டாடுகின்றோம், மாலை மாற்றுகின்றோம், மக்களும் பேரரும் சூழ்ந்து நிற்கின்றனர். அதற்கு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன்னர், எவரும் அறியாமல், இந்நிறைவு வந்து போய்விடுகின்றது. இவ்வவையில் அதனைக் கடந்தோர் பலர்; நாமும் அவருள் ஒருவரே. அதுவரை ஒரு நாளுக்கு ஒரே ஒரு மூச்சை இறைவனுக்கென்று வைத்திருந்தாலும், ஒரு முழுநாளின் அசபை நிறைந்திருக்கும். நாளுக்கு ஒன்று! அவ்வளவேனும் வைத்தோமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

வைக்கவில்லையே என்று வருந்துவோர்க்கும் வழி உண்டு. எண் பிசிறின்றிப் பங்கிடப்படுகின்றது என்று கண்டோம் அல்லவா? உறக்கத்திற்கு மூன்றிலொரு பங்கு கொடுங்கள், அது 7,200. தொழிலுக்கு 7,200 கொடுங்கள். எஞ்சிய 7,200-இல் வீட்டுக்கும் ஊருக்கும் ஆனது போக, ஒரு நாழிகை ஒதுக்குங்கள். அதாவது 24 நிமிடம், 360 உயிர்ப்பு, நாளில் அறுபதில் ஒரு பங்கு. அதற்கும் இயலாதவர் அக்கமாலையின் 108 மணிக்கு 108 உயிர்ப்பு வையுங்கள்; அதற்கு ஆகும் நேரம் 7 நிமிடமும் 12 விநாடியும். அப்பொழுது திருவைந்தெழுத்து மூச்சோடு செல்லட்டும், மூச்சோடு வரட்டும். மூச்சை அடக்கும் பயிற்சியைத் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் விரித்துரைக்கின்றது. அதனை ஆசிரியர் வழியன்றி எவரும் முயலற்க. இயல்பான மூச்சைக் கவனிப்பதற்கோ ஆசிரியரும் வேண்டா, பொருளும் வேண்டா. குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதிக்கும்பொழுதும், அடுப்பங்கரையில் உலை கொதிக்கக் காத்திருக்கும்பொழுதும், பேருந்துக்கு நிற்கும்பொழுதும் அது நிகழும்.

செல்வர்க்கு நாளொன்றுக்கு இருபத்தையாயிரமும் வறியவர்க்குப் பதினையாயிரமும் என்று இறைவன் அளக்கவில்லை. எல்லார்க்கும் நாழிகை அறுபதே. நம்மைத் தாங்கும் இம்மண்ணும் ஒவ்வோர் உயிர்ப்புக்கும் ஒரு கலையாக, எவரையும் விலக்காமல், எல்லாரையும் சுமந்து திரும்பிக்கொண்டிருக்கின்றது. மண்ணாய் நின்ற ஏகம்பன் திருவடியை, இன்று எஞ்சியிருக்கும் உயிர்ப்புக்களில் சிலவற்றாலேனும் போற்றி, அனைவரும் நலம் பெறுவோமாக.

திருச்சிற்றம்பலம்